முசே காருக்கு வைத்த கண்

சாரம் பகுதியில் முசே கலியமூர்த்தியைத் தெரியாதவர் கிடையாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்; அதனால் பிரெஞ்சு மரியாதையில் அவர் ஊருக்கு முசே, அவர் மனைவி மதாம். அங்கே அவர் துப்பாக்கி பிடித்ததைவிட உருளைக்கிழங்கு உரித்ததுதான் அதிகம் என்று அவர் மனைவி பாக்கியலட்சுமி சொல்லுவாள். ஆனாலும் முசே தெருவில் இறங்கினால், பின்னால் ஒரு படையே வருவதுபோலத்தான் நடப்பார். அவருடைய வெள்ளை இண்டிகாவை ஓட்டும் டிரைவர் பக்கிரிதான் அந்த மொத்தப் படையும்.

பக்கிரிக்கு ஒரு ரகசியம் இருந்தது. ரகசியம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு கூடை மீன்.

தினமும் காலை ஐந்து மணிக்குக் கார் கழுவ வருவதாகப் பேர். முசே எழுந்திருக்க எட்டாகும். அதற்குள் காரை ஓசைப்படாமல் தெருவுக்குத் தள்ளி, முனை தாண்டி ஸ்டார்ட் செய்து, தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கு விடுவான். அங்கே அவன் மனைவி அஞ்சலாட்சி, ஏலத்தில் எடுத்த மீனோடு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பாள். கூடைகள் டிக்கியில். அஞ்சலாட்சி பின்சீட்டில், சரியாக முசே உட்காரும் இடத்தில். ஐந்தே முக்காலுக்குப் பெரிய மார்க்கெட். அங்கே முதலில் வருகிறவளுக்கு வாசல் பக்கம் இடம், பிந்தி வருகிறவளுக்குச் சாக்கடை ஓரம். இரண்டு வருஷமாக வாசல் பக்கத்தை அஞ்சலாட்சி யாருக்கும் விட்டதில்லை. மற்றவர்கள் டெம்போவுக்குக் காத்துக்கிடந்து வந்து சேர்வதற்குள் அவள் வஞ்சிரத்தில் பாதி போயிருக்கும்.

அப்புறம் காரை வீட்டுக்குக் கொண்டுவந்து, டிக்கியில் விரித்த பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்து, உள்ளே சாம்பிராணி போடுவான். பாக்கியலட்சுமிக்கு அவன் பக்தியைப் பார்த்து ஒரே சந்தோஷம்.

"நம்ம காரு கோயில் மாதிரி மணக்குதுங்க" என்பாள்.

"கோயில்ல மீனு பூந்த மாதிரி மணக்குது" என்பார் முசே.

ஒருநாள் பின்சீட்டிலிருந்து எதையோ இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"பக்கிரி, இது இன்னாடா?"

"முடி மாதிரி இருக்குது முசே."

"யாரு முடி? என் மீசை வெள்ளை. இது செவப்பு. மோந்து பாரு."

பக்கிரி மோந்து பார்த்தான். இறால் மீசை. சந்தேகமே இல்லை.

"மதாம் முடியா இருக்கும் முசே" என்றான். அதை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த மாதமே பிரான்சிலிருந்து பார்சல் வந்தது. முசே கேட்டபடி, அங்கே லியோனில் வேலை பார்க்கும் மகன் கலைவாணன் அனுப்பியது. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு கேமரா. இது நடந்தது 2009இல். கல்யாணத்தில் வீடியோ எடுப்பதைப் பார்த்த ஊர்தான், ஆனால் காருக்கு யார் வீடியோ எடுப்பார்கள்?

"வண்டி எங்க போவுதோ அத்தனையும் படம் புடிக்கும்" என்றார் முசே. "பேசுறதும் கேக்கும். பக்கத்துலயே மணி எத்தினின்னு எழுத்து விழும். வுவாலா, அவ்ளோதான்! ஞாயித்துக்கெழம போட்டுப் பாப்பேன். ஒரு தடவ நீ மாட்டிக்கினன்னா, சாவிய வெச்சிட்டுப் போய்க்கினே இரு."

சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகினால் போதும் என்று பெட்டியில் படம் போட்டிருந்தது. முசே ஒப்பவில்லை. "சொருவி வெச்சா நீ புடுங்கிடுவ. ஒயரு வண்டிக்கு உள்ளுக்குள்ளயே ஓடணும். கண்ணுக்கே தெரியக் கூடாது."

ஆக, தன் தலைக்கு வைத்த கத்தியைத் தானே சாணை பிடிக்க எடுத்துக்கொண்டு பக்கிரி தட்டாஞ்சாவடிக்குப் போனான்.

அங்கே ஆட்டோ எலெக்ட்ரீஷியன் சுப்ரமணியின் தகரக் கொட்டகை இருந்தது. சுப்ரமணி வேலை செய்யும்போது அவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. தலை ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும், கால் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாடிக்கையாளர்கள் அவன் பாதத்தோடுதான் பேசுவார்கள். பக்கிரியும் பாதத்திடமே முறையிட்டான்.

"தம்பி, ஒரே ஒரு ஒயர லூசா உட்டுடேன். உனுக்குப் புண்ணியமாப் போவும்."

"இன்னாண்ணே பேசற?" என்றது பாதம். "நான் மாட்டி ஒரு ஆரனு அடிக்காம இருந்துருக்கா? ஒரு லைட்டு எரியாம இருந்துருக்கா? தொழில்ல அந்த வேல நமக்கு ஆவாது."

"என் வேல போயிடும்டா."

"உன் வேல போவுதுன்னு என் வேலய நான் கெடுத்துக்கவா?"

சுப்ரமணி எழுந்து உட்கார்ந்து, கேமராவோடு வந்த காகிதத்தைப் பிரித்தான். முழுக்கப் பிரெஞ்சில் இருந்தது. படத்தின்படி பார்த்தால், ஒயரைக் கண்ணாடி ஓரமாக இறக்கி, பிளாஸ்டிக்கையெல்லாம் கழற்றி, கீழே ஃபியூஸ் பெட்டிவரை கொண்டுபோக வேண்டும். சாவி போட்டால் கரண்ட் வருகிற ஃபியூஸாகத் தேட வேண்டும். நேரமோ பகல் ஒரு மணி. கொட்டகைத் தகரம் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. சுப்ரமணி அண்ணாந்து பார்த்தான். கேமரா ஒட்டும் இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கூரையில் ரூம் லைட் இருந்தது. அதற்கு ஏற்கெனவே இரண்டு ஒயர் வந்திருந்தது.

"கரண்ட்டு எங்கருந்து வந்தா இன்னா? கேமராவுக்குத் தெரியவா போவுது?" என்றான். ஒயரைக் கூரைத் துணிக்குள் செருகி, ரூம் லைட் ஒயரைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றினான். நூல்கூட வெளியே தெரியவில்லை. கேமராவில் சிவப்புப் புள்ளி ஒன்று பளிச்சென்று எரிந்தது. நாலு கதவும் விரியத் திறந்து கிடந்தன. தட்டாஞ்சாவடி வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்ய எவனால் முடியும்?

பிறகு வழக்கம்போலக் கற்பூரம் ஏற்றிக் காட்டினான். குங்குமத்தை விரலில் தொட்டபோது, கேமராக் கண்ணிலேயே அப்பிவிடுவான் என்று பக்கிரி ஆசையாகப் பார்த்தான். சுப்ரமணி கண்ணுக்கு மேலே கால் அங்குலம் தள்ளி, நெற்றி என்று ஒன்று அதற்கு இருப்பதுபோல, அழகாகப் பொட்டு வைத்தான்.

முசேக்குப் பரம திருப்தி. கதவைத் திறந்தால் சிவப்புப் புள்ளி எரிந்தது, ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினால் அணைந்தது. அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது.

"பாத்தியா? ஆளு வந்தா வணக்கம் சொல்லுது. அப்பறம் மறஞ்சிக்குது. காவலுக்கு நிக்கறவன் பீடிய அணச்சிட்டுத்தான்டா நிப்பான். பட்டாளத்துல நானே நின்னுருக்கேன்."

பக்கிரிக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்கவே தைரியம் இல்லை.

மூன்று நாள் அவன் துறைமுகத்துக்குப் போகவில்லை. மூன்று நாளும் அஞ்சலாட்சி டெம்போவில் தொங்கிக்கொண்டு போய்ச் சாக்கடை ஓரத்தில் கடை விரித்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் விற்காத மீனைக் கொண்டுவந்து அவன் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் கூடையோடு வைத்தாள்.

"துன்னு. முழுசும் நீயே துன்னு. வாசல்ல இன்னொருத்தி குந்திக்கினு என்னப் பாத்து சிரிக்கறா."

"கேமரா இருக்குதுடி. முன்னாடி தெரியறதெல்லாம் புடிச்சிடுமாம்."

"முன்னாடிதான? ரிவர்சுலயே ஓட்டிக்கினு வா."

"பேசறதும் கேக்குமாம்."

அஞ்சலாட்சி யோசித்தாள். "கண்ணுக்குத் துண்டப் போடு. நான் வாயத் தொறக்கல."

பக்கிரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவன் கேட்காத வாக்குறுதி அது.

ஆனால் மறுநாள் அவள் சொன்னபடியே செய்தாள். துண்டால் கேமராவை மூடிக்கொண்டு பக்கிரி துறைமுகத்துக்குப் போனான். அஞ்சலாட்சி பின்சீட்டில் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு வந்தாள். மெதுவாகப் போ என்பதற்கு அவன் காதைப் பிடித்து இழுத்தாள். வேகமாகப் போ என்பதற்குத் தோளில் கிள்ளினாள். மார்க்கெட் வாசலில் கார் நின்றதும் கதவைத் திறந்து, ஒரு காலைத் தரையில் வைத்துக்கொண்டு, அதுவரை அடக்கியதையெல்லாம் அங்கேயே கொட்டித் தீர்த்தாள். கார் நின்றுவிட்டதால் கேமராவும் தூங்கியிருக்கும் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். வாசல் இடம் திரும்பக் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முசே ஹாலில் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்து உட்கார்ந்தார். பக்கத்தில் மதாம் காப்பியோடு. பக்கிரி கதவோரம் நின்றான். துண்டைப் பற்றிக் கேட்டால் தூசி என்று சொல்லிவிடலாம், காலை நேரத்தில் கார் ஓடிய சத்தம் எதற்கு என்று கேட்டால் மட்டும் என்ன சொல்வது என்று அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

முதலில் சுப்ரமணியின் கற்பூரம் வந்தது. மதாம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்த படத்தில் வீட்டு கேட். கதவு கிறீச்சிட்டது. "ஷ்ஷப்பா" என்று முசேயின் குரல். தொடர்ந்து, உட்காரும்போது அவரிடமிருந்து புறப்பட்ட ஒரு நீண்ட சத்தம். கதவு அடிபட்டது. படம் முடிந்தது.

அடுத்தது பேங்க் வாசல். கிறீச். ஷ்ஷப்பா. சத்தம். டப். முடிந்தது. அடுத்தது கதிர்காமம் ஆஸ்பத்திரி வாசல். கிறீச். ஷ்ஷப்பா. இந்த முறை சத்தம் இரண்டு தவணையாக வந்தது.

"வண்டி ஓடறதே காணோமே!" என்று முசே கத்தினார். "கதவு தொறக்கறது மட்டும் இருக்குது!"

மதாம் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"அது சீட்டுச் சத்தம்" என்றார் முசே.

"நான் உக்காந்தா அந்த சீட்டு ஒண்ணும் பேசலியேங்க."

பக்கிரிக்கு அப்போதுதான் ரூம் லைட் ஞாபகம் வந்தது. கதவு திறந்தால் எரியும், சாத்தினால் அணையும். ஐயோ சுப்ரமணி, நீ நல்லா இருப்படா என்று மனசுக்குள் கும்பிட்டான். கும்பிட்ட கை இறங்குவதற்குள் திரை கறுப்பானது. மூலையில் மணி ஐந்து நாற்பத்தி நாலு. கறுப்புக்குள்ளிருந்து அஞ்சலாட்சி பேசினாள்.

"யப்பா, மூச்சே முட்டிப்போச்சி! உருளக்கெழங்கு உரிச்ச கெழவனுக்கு வேவு இன்னாயா வேண்டிக்கெடக்கு? அந்த மதாமு பாவம். அந்த அம்மாவாசப் பய சைக்கிள்ல கொண்டாற மீனத் துன்னுதாமே? அவன் நாலு நாளு ஐஸுல கெடந்தத செவுளுக்குச் சாயம் தடவி விக்கறான்யா. இந்தா, இந்த வஞ்சிரத்துல ஒரு துண்டு துன்னா, அந்தம்மா கெழவன வுட்டுட்டு எங்கூட வந்துடும். டிக்கியத் தொற!"

டப். முடிந்தது.

முசே எழுந்தார். மீசை ஆடியது. "சாவிய வை."

பக்கிரி சாவியை மேசைமேல் வைத்தான். வாசல்பக்கம் திரும்பினான்.

"இரு பக்கிரி. யாரு அந்தப் பொம்பள?" என்றாள் மதாம்.

"எம் பொண்டாட்டி மதாம்."

"செவுளுக்குச் சாயம்னா சொன்னா? இன்னொரு தடவ போடுங்க."

"பாக்கியம், இவன் நம்ம கார்ல மீனு..."

"போடுங்கன்னேன்."

முசே போட்டார். மதாம் முழுதும் கேட்டாள். பிறகு சமையலறைக்குப் போய், காலையில் அம்மாவாசை கொடுத்துவிட்டுப் போன சங்கராவைத் தட்டோடு எடுத்துவந்தாள். செவுளைப் பிளந்து விரலை விட்டுத் தேய்த்தாள். விரல் பண்டிகைக்குச் சாயம் போட்ட மாதிரி சிவந்தது. அந்த விரலை முசே மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இதத் துன்னுட்டுத்தான் ஏறும்போதும் எறங்கும்போதும் அந்தச் சத்தம்."

"அதுக்கும் இதுக்கும்..."

"பக்கிரி, சாவிய எடு. நாளைக்கு அஞ்சு மணிக்கு நானும் வரேன்."

"வண்டி நாறும் பாக்கியம்!"

"வண்டிதான நாறும்? வூடு நாறுதே, அதுக்கு இன்னா பண்றது?"

மறுநாள் மதாம் நைட்டிமேல் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். துறைமுகத்துக்கு மதாமே வந்துவிட்டதால் அஞ்சலாட்சிக்கு ஊமை வேஷம் தேவையில்லாமல் போயிற்று. ஆனால் மதாம் சும்மா வரவில்லை. ஒவ்வொரு படகாக எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு மீனையும் புரட்டினாள். ஏலக்காரனிடம் பிரெஞ்சில் சண்டை போட்டாள். மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி ஆறேகால்.

வாசல் இடத்தில் வேறொருத்தி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அஞ்சலாட்சி பக்கிரியைத் திரும்பிப் பார்த்தாள். கிள்ளலைவிட அந்தப் பார்வை வலித்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு சாக்கடை ஓரத்துக்கு நடந்தாள்.

"இதான் நீ வழியில சொன்ன வாசல் எடமா பக்கிரி?" என்று கேட்டபடி மதாம் இறங்கினாள். வாசல்காரியின் முன்னால் குந்தி, ஒரு மீனை எடுத்துச் செவுளைப் பிளந்தாள். விரலைத் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடுத்த மீன். அடுத்த மீன்.

"இன்னாம்மா தேடற?" என்றாள் வாசல்காரி.

"சாயம்" என்றாள் மதாம், மார்க்கெட்டுக்கே கேட்கிற மாதிரி.

வாசல்காரியின் மீனில் சாயம் எதுவும் இல்லை. ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும், பையோடு குனிந்திருந்த நாலு பேர் நிமிர்ந்துவிட்டார்கள். மதாம் எழுந்து, நேராகச் சாக்கடை ஓரத்துக்குப் போய், அஞ்சலாட்சியின் கூடைக்கு முன்னால் நின்று, பெரிய வஞ்சிரமாக ஒன்றைக் கைகாட்டினாள். அந்த நாலு பேரும் அவள் பின்னாலேயே போனார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் ஆறு பேர் போனார்கள்.

"யோவ்!" அஞ்சலாட்சியின் குரல் தலைகளுக்கு மேலே வந்தது. "வாயப் பொளந்துக்கினு நிக்கற? அருவாமணைய எடுத்தா! மதாமுக்குக் குந்த ஒரு மணகட்ட போடு!"

பக்கிரி ஓடினான். வீட்டில் முசே எழுந்து காப்பி தேடுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதை மதாமுக்கு ஞாபகப்படுத்தலாமா என்று ஒரு கணம் நினைத்தான். மதாம் அதற்குள் மணைக்கட்டையில் உட்கார்ந்து, செதில் தேய்க்கக் கையை நீட்டியிருந்தாள்.