போல்ட்டுக்கு வடை கிடையாது

வல்லம் வடகாலில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனி ஒன்றின் வாசலில் போல்ட்டு என்றொரு நாய் இருந்தது. கம்பெனி பஸ் கேட்டைத் தாண்டினால் போதும், வளைவு வரைக்கும் துரத்திக்கொண்டு போய், அதை ஊரைவிட்டே விரட்டிவிட்ட பெருமையோடு திரும்பி வரும். மானேஜருக்குக்கூட அந்த வாசலில் அத்தனை மிடுக்கு கிடையாது.

அப்பேர்ப்பட்ட போல்ட்டு நாலடி நடந்தால் மூச்சு வாங்கி உட்கார ஆரம்பித்தது. இருமல் வேறு. வயிறும் ஊதிக் கிடந்தது. லைனில் வேலை பார்க்கும் பிரவீனா அதை ஷேர் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு குன்றத்தூர் கால்நடை டாக்டரம்மாவிடம் போனாள். இதயம் தளர்ந்துவிட்டது, நுரையீரலிலும் வயிற்றிலும் நீர் கோத்திருக்கிறது என்றார் அவர். முழுசாகக் குணமாகாது. ஆனால் இதயத்துக்கு ஒரு மாத்திரை, நீர் பிரிய ஒரு மாத்திரை, இரண்டையும் காலையும் மாலையும் தவறாமல் கொடுத்தால் இன்னும் கொஞ்ச காலம் நன்றாகவே வாழும்.

"விட்டுரும்மா. வயசான நாயி, நிம்மதியா போவட்டும்," என்றார் கேட் செக்யூரிட்டி அந்தோணிராஜ்.

"போவணும்னு அது கேட்டுச்சாண்ணா? நீங்க இன்னாத்துக்கு வழியனுப்பறீங்க?"

வெடுக்கென்று சொல்லிவிட்டாளே தவிர, பிரவீனாவுக்கு உள்ளுக்குள் உதறல்தான். அது செத்துப்போனால் அந்தக் கேட்டுக்குள் எப்படி நுழைவது?

மாத்திரை ஒருவேளைகூடத் தவறவில்லை. அவள் இல்லாத ஷிப்ட்டில் மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். டீ பிரேக் வடைக்குள் மாத்திரையைப் பொதித்து ஊட்டினார்கள். சமர்த்தாகத் தின்றதற்கு இன்னொரு வடை. அப்படியும் வயிறு ஊதிக்கொண்டேதான் போனது. பயந்துபோய் மறுபடி குன்றத்தூருக்கு ஓடினாள்.

"மாத்திரையை எதுல வச்சுக் கொடுக்கறீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"வடையிலதான் மேடம். ஒரு வாயில துன்னுடும்," என்றாள் பெருமையாக.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "மாத்திரை தண்ணியை வெளிய தள்ளுது. வடையில இருக்கற உப்பு அதைத் திரும்பப் புடிச்சு வைக்குது. பாசத்தாலயே அதைக் கொல்லப் பாக்கறீங்களேம்மா."

ஒரு கம்பெனியின் பாசத்தை எப்படி நிறுத்துவது? ஷிப்ட் மாறும்போது எந்த மெஷினில் என்ன கோளாறு என்று அடுத்த ஆளிடம் சொல்லிவிட்டுத்தானே போவார்கள்? பிரவீனா அதோடு போல்ட்டையும் சேர்த்துவிட்டாள். "மெஷின் ஓகே. போல்ட்டுக்கு மாத்தர ஆச்சு. வடை கிடையாது." கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களே அடுத்த ஷிப்ட்டுக்கு அதைச் சொன்னார்கள். மாத்திரை உப்பில்லாத சோற்று உருண்டைக்கு மாறியது. வழியனுப்பப் பார்த்த அந்தோணிராஜே லத்தியும் கையுமாகக் காவலுக்கு நின்றார். "வடையோட வர்றவன் அங்கியே துன்னு முடிச்சிட்டு வா."

இருமல் அடங்கியது. வயிறு வற்றியது. ஒரு நாள் காலை பஸ் வந்து திரும்பும்போது போல்ட்டு எழுந்து, குரைத்து, ஓட ஆரம்பித்தது.

"ஓடாதடா, நானே நிக்கிறேன்," என்று டிரைவர் உதயசூரியன் பிரேக்கை மிதித்தார். இத்தனை வருஷத்தில் அந்த பஸ் போல்ட்டிடம் பிடிபட்டது அன்றுதான்.

போல்ட்டு முன்சக்கரத்தை மோந்தது. நடக்கவே தள்ளாடிய நாய், மூன்று காலில் நின்று நாலாவதைத் தூக்கியது. நீர் மாத்திரை அல்லவா, லேசில் நிற்கவில்லை. ஷிப்ட்டுக்குப் போக வேண்டிய கூட்டம் மொத்தமும் நின்று கை தட்டியது. பிரவீனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"மாத்தர நல்லா வேலை செய்யுதும்மா," என்றார் அந்தோணிராஜ், கண்ணைத் துடைத்துக்கொண்டே. போல்ட்டு காலை இறக்கும்வரை உதயசூரியன் கியரைத் தொடவில்லை.