லைன்மேன் பெல்ட்

மாயவனுக்கு வந்த ஆத்திரத்துக்குக் கடையில் இருந்த தோல் தைக்கும் மெஷினைத் தூக்கிப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு நடுவில் போட்டிருப்பான். அதன் கனம்தான் தடுத்தது.

காலையிலிருந்து ஒரே ஒரு தையல். தங்கை காத்தாயியின் புருஷன் சாமிக்கண்ணு லைன்மேன். கம்பத்தின் மேல் அவனைத் தாங்கிப் பிடிக்கும் இடுப்பு பெல்ட் பிய்ந்துவிட்டது. இரும்பு வளையத்தைச் சுற்றித் தோலை மடித்துத் தைக்கிற இடத்தில் நாலு அடுக்கு. மேலே தையல் பல் வரிசை மாதிரி அழகாக விழுந்தது. புரட்டினால் அடியில் நூல் கொசகொசவென்று சுருண்டு கிடந்தது.

நூலின் இழுப்பைக் கூட்டும் டென்ஷன் திருகை இறுக்கினான். அப்படியே சுருண்டது. இன்னும் இறுக்கினான். அதே கதை. ஒற்றைத் துண்டுத் தோலில் ஓட்டிப் பார்த்தான். நூல் பட்டென்று அறுந்தது. மெல்லிசில் அறுகிறது, கனத்தில் தொளதொளக்கிறது! “ஒனக்கு என்னதான் வேணும், சனியனே?” என்று மெஷினையே கேட்டான். ஊசியை மாற்றினான், அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றித் துடைத்தான். ஒன்றுக்கும் அது மசியவில்லை.

கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. தோலை அழுத்திப் பிடிக்கும் கால், நாலு அடுக்கின் மேல் ஏறியதும் உயரத் தூக்கிக்கொள்கிறது. அவ்வளவு தூக்கினால், நூலை நெரித்துப் பிடிக்கும் இரண்டு தட்டும் தானாக விரிந்துவிடும். விரிந்து கிடந்த தட்டைத்தான் இவ்வளவு நேரம் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறான். தோலைச் சீவி மெலிதாக்கினால் மெஷின் ஒழுங்காகத் தைக்கும். ஆனால் மாப்பிள்ளையின் உயிர் தொங்கப்போவதே அந்த இடத்தில்தான்.

கையால் தைத்துத் தொலைக்கலாம். மெஷின் வந்த அன்றே, “இனிமே இந்தக் கை ஊசியத் தொடாது” என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தம்பட்டம் அடித்திருக்கிறானே!

சாமிக்கண்ணு வந்துவிட்டான். “முடிஞ்சுதா மச்சான்? அரும்பாவூர்ல ரெண்டு நாளா கரண்டு இல்ல. மோட்டார் ஓடாம வெங்காயம் காயுதுன்னு ஊரே என்னையத்தான் திட்டுது. குடுங்க, பஸ் கெளம்பிடும்.” பெல்ட்டை எடுத்து மேல் தையலைத் தடவிப் பார்த்தான். “ஜோராத்தானே இருக்கு!”

மெஷினால் ஆகவில்லை என்று சொல்ல மாயவனுக்கு வாய் வரவில்லை. எடுத்துக்கொண்டு போ என்று சொல்லவும் வரவில்லை. வெடுக்கென்று பெல்ட்டைப் பிடுங்கித் தன் இடுப்பில் கட்டினான். கடைக்கு எதிரே நின்ற விளக்குக் கம்பத்தைச் சுற்றி மாட்டி, பின்னால் சாய்ந்தான்.

ஒரு நொடி தாங்கியது. அப்புறம் தையல் சரசரவென்று உருவிக்கொள்ள, மாயவன் நடுரோட்டில் மல்லாந்தான். டீக்கடையில் இருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். “மெஷின் தையல்டோய்!” என்றது ஒரு குரல். அவமானம் பிடுங்கித் தின்றது அவனை.

சாமிக்கண்ணு சிரிக்கவில்லை. மச்சானைத் தூக்கி நிறுத்தி, பிய்ந்த பெல்ட்டை அவன் கையில் கொடுத்தான்.

“நீங்க தரையில நின்னு விழுந்தீங்க மச்சான். நான் முப்பதடி மேலேருந்து விழுந்திருப்பேன்” என்றான். “பஸ் போனாப் போவுது. கையாலயே தையிங்க.”