ஆதர்ச தம்பதிக்குத் தனிச் சாப்பாடு

உற்றார், உறவினர், அண்டை வீட்டார், அழையாமல் வந்து பந்தியில் உட்கார்ந்தோர் ஆகிய சகலருக்கும் இதனால் தெரிவிப்பது யாதெனில்: கல்யாணமாகி முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூடச் சண்டை போட்டறியாத தம்பதி இந்தப் பூமியில் உண்டு. அவர்கள் நாளைக் காலை விமானமேறி வெளிநாட்டுக்கு உல்லாசப் பயணம் போகிறார்கள்.

வாடகை மைக்கில் இப்படி அறிவித்தவர், அந்தக் கணவரான சூப்பர்வைசரின் தம்பி. டிக்கெட்டும் அவர் பரிசுதான். கூடவே உச்சியில் பித்தளைக் கோபுரம் வைத்த கேடயம் ஒன்று; அதில் 'ஆதர்ச தம்பதி' என்று பொறித்திருந்தது. சூப்பர்வைசர் மைக்கை வாங்கி, "விட்டுக்கொடுத்தவன் கெட்டதில்ல" என்று ஆரம்பித்தார். குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் அவர் பேசுவது இதைத்தான். அப்படி அறிவுரை வாங்கிய ஜோடிகளில் இரண்டு இப்போது கோர்ட்டில் நிற்கின்றன. அதற்கு அவர் பேச்சு பொறுப்பாகாது.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி நர்ஸம்மா கைதட்டலுக்குத் தலையாட்டினாள். யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று அவளும் யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

விஷயம் இவ்வளவுதான். அவருக்கு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவு, பகல் ஷிப்ட். அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி. அவர் செருப்பை மாட்டும்போது அவள் செருப்பைக் கழற்றுவாள். "வந்துட்டியா", "கிளம்பிட்டீங்களா" என்ற இரண்டு வார்த்தைக்குள் எவ்வளவுதான் சண்டை போட முடியும்? அவருக்கு ஞாயிறு லீவு. அவளுக்கு எந்த நாளும் லீவு வரும், ஞாயிறைத் தவிர. தப்பித் தவறி இரண்டும் சேர்ந்து வந்தால் அன்றைக்கென்று எங்காவது ஒரு கல்யாணத்தில் விட்டுக்கொடுப்பதைப் பற்றி அவர் பேச வேண்டியிருக்கும்.

இருவருக்கும் நடுவே தூது போனது ஒரு பிளாஸ்க். விடியலில் அவர் காபி போட்டுப் பாதி குடித்துவிட்டு மீதியை அவளுக்கு ஊற்றி வைப்பார். சாயங்காலம் அவள் போட்டுப் பாதியை அவருக்கு வைத்துவிட்டுப் போவாள். முப்பது வருஷமும் தாம்பத்தியத்தைக் கட்டிக் காத்தது, மூடி தளர்ந்தால் ரப்பர் வளையம் மாற்றப்பட்ட அந்த பிளாஸ்க்தான்.

போன மாதம் அவள் ஓய்வு பெற்றாள். அடுத்த மாதம் அவர். பயணம் கிளம்புவதற்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய நர்ஸ் போன் செய்திருந்தார். "ராத்திரிக்கு ஆளே கிடைக்கலம்மா. நீங்க வர்றேன்னு ஒரு வார்த்தை சொன்னா மறுபடி போட்டுடறேன்."

"ஊருக்குப் போயிட்டு வந்து சொல்றேன் மேடம்."

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. விமானத்தில் ஒரு முழுப் பகல். இந்த மனிதர் பக்கத்தில் அந்த ஒரு பகலை உட்கார்ந்து பார்ப்போம், மிச்ச ஆயுளை அப்புறம் முடிவு செய்யலாம் என்று நினைத்திருந்தாள்.

விமான நிலையச் சோதனையில் கைப்பை நின்றது. காவலர் கேடயத்தை வெளியே எடுத்தார்.

"இது என்ன சார்?"

"ஆதர்ச தம்பதி கேடயம்."

"முனை குத்தும் சார். உள்ள விட முடியாது."

"சார், இது என்ன சாதாரண பொருளா? முப்பது வருஷம் ஒரு சண்டை இல்லாம..."

"நானும் கல்யாணம் ஆனவன்தான் சார். அதான் சொல்றேன், ஆபத்தான பொருள்."

ஆதர்சம் ஒரு கத்தரிக்கோலுக்கும் ஒரு ஷாம்பு பாட்டிலுக்கும் நடுவே தொட்டியில் படுத்தது.

ஜன்னலோரம் ஒரு தொப்பைக்காரர், நடுவில் நர்ஸம்மா, நடைபாதைப் பக்கம் சூப்பர்வைசர். சக்கரம் தரையை விடுவதற்குள் சூப்பர்வைசர் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்து, "சார் தனியாவா போறீங்க? வீட்டுக்காரம்மா வரலையா?" என்றார்.

"அவ வரலைங்கிறதாலதான் போறேன்" என்றார் தொப்பைக்காரர்.

சூப்பர்வைசர் அவருக்கும் விட்டுக்கொடுப்பதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். தொப்பைக்காரர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். வேறு வழியில்லாமல் சூப்பர்வைசர் மனைவி பக்கம் திரும்பினார்.

அப்புறம் நடந்ததை நர்ஸம்மாவாலேயே நம்ப முடியவில்லை. பேசினார்கள். பேக்கிங் மெஷினில் கழுத்து டை சிக்கிக்கொண்ட மேனேஜர் கதையை அவர் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தையல் பிரிக்க வேண்டாம் என்று கட்டிலுக்கு அடியில் ஒளிந்த போலீஸ்காரரின் கதையை அவள் சொன்னாள். "அடப்பாவி" என்று அவர் தொடையில் தட்டினார். ஏசிக் காற்று அவள் முகத்தில் அடிக்கிறதா என்று கேட்டு, கையை நீட்டித் திருகி மூடினார். பெரிய நர்ஸிடம் வரவில்லை என்று சொல்லிவிடலாம் போலிருந்தது அவளுக்கு.

அப்போதுதான் பணிப்பெண் வந்தாள். இன்னும் யாருக்கும் சாப்பாடு வரவில்லை. ஸ்டிக்கர் ஒட்டிய ஒரே ஒரு தட்டைக் கொண்டுவந்து நர்ஸம்மா முன்னால் வைத்தாள். வேகவைத்த காய்கறி, உப்பில்லாத ரொட்டி, பாதி ஆப்பிள்.

"இது எனக்கு இல்லம்மா."

"சுகர் பேஷண்ட் சாப்பாடு மேடம். உங்க சீட் நம்பர்தான் போட்டிருக்கு."

"உனக்குத்தான்" என்றார் சூப்பர்வைசர் பெருமையாக. "டிக்கெட் போடும்போதே தம்பிகிட்ட சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? உனக்குச் சுகர்ல?"

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? நீ காபியில சக்கரையே போடுறதில்லையே."

நர்ஸம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க போட மாட்டீங்களேன்னு நானும் போடறதில்ல. கல்யாணமான மூணாம் நாள் நீங்க வச்சிட்டுப் போன காபியில சக்கரை இல்ல. உங்களுக்கு அதான் பிடிக்கும்போலன்னு நானும் அப்படியே போட்டு வச்சேன்."

"அன்னிக்கு டப்பாவுல சக்கரை தீந்துடுச்சு. கடைப் பையனை வீட்டுல குடுக்கச் சொல்லிட்டுத்தான் போனேன். சாயங்காலம் வந்து பாத்தா டப்பா நெறைய சக்கரை, உன் காபியில மட்டும் இல்ல. சரி, நர்ஸு, உடம்புல ஏதோ இருக்கும், நம்மகிட்ட சொல்லக் கூச்சப்படுதுன்னு நெனச்சேன். எனக்கு மூணு ஸ்பூன் போடணும். கேன்டீன்ல குடிச்சுக்குவேன்."

"எனக்கு நாலு" என்றாள் அவள்.

இந்த இடத்தில் இருவரும் சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் கதை முடிந்து கேடயமும் திரும்பக் கிடைத்திருக்கும். அவள் வாய்கூடக் கொஞ்சம் கோணியது. ஆனால் பிஸ்கட் ஞாபகம் வந்துவிட்டது.

"கம்பெனியில உடைஞ்ச பிஸ்கட்டெல்லாம் வீட்டுக்குக் குடுப்பாங்கன்னு உங்க தம்பி சம்சாரம் சொன்னா. நம்ம வீட்டுக்கு ஒரு துண்டுகூட வந்ததில்லையே."

"அக்கா வீட்டுக்குக் குடுத்துடுவேன். உன் கண்ணுல காட்டி ஏங்க வைக்கலாமா?"

"அக்காகிட்ட என்ன சொன்னீங்க?"

"உனக்குச் சுகர்னு."

"வேற என்ன சொன்னீங்க?"

அவர் பிளாஸ்டிக் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவங்க நல்லதுக்குத்தான் கேட்டாங்க. ஏன் இன்னும் புள்ள இல்லன்னு. நான் என்ன சொல்றது? அவளுக்குச் சுகர்க்கா, அதான் தங்கலைன்னு சொன்னேன். உன்னை யாரும் குத்திப் பேசிடக் கூடாதுன்னுதான் சொன்னேன்."

பிள்ளை பிறந்த வீடுகளுக்கு எல்லாம் நாத்தனார் அவளைக் கூட்டிப் போவார். குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டு முதுகைத் தடவிக் கொடுப்பார். அந்தத் தடவலைப் பாசம் என்று அவள் கணக்கில் வைத்திருந்தாள். புகுந்த வீட்டில் அவள் சேர்த்து வைத்திருந்த பாசமே அது ஒன்றுதான்.

"புள்ளை ஏன் இல்லைன்னு உங்களுக்குத் தெரியாது?" என்றாள். குரல் உயரவில்லை. வார்டில் ராத்திரியில் பேசிப் பழகிய குரல். "நீங்க படுக்கும்போது நான் ஆஸ்பத்திரியில. நான் படுக்கும்போது நீங்க கம்பெனியில. பிளாஸ்க்லயா புள்ளை பொறக்கும்?"

தொப்பைக்காரர் கண்ணைத் திறந்தார். பெல்ட்டைக் கழற்றி, "கொஞ்சம் வழி விடுங்க" என்று இருவரையும் தாண்டிப் போனவர், வேறு வரிசையில் காலி இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"சத்தம் போடாத. நாலு பேர் பாக்கறாங்க."

"நான் சத்தம் போடல."

"நீ சொல்லியிருக்கணும்."

"நீங்க கேட்டிருக்கணும்."

"எப்பக் கேக்கறது? நீ தூங்கிட்டு இருப்ப."

"எழுப்பியிருக்கலாம்."

பதில் இல்லாத இடத்தில் எல்லாரும் செய்வதை அவரும் செய்தார். "இத்தனை பேருக்குப் புத்தி சொல்றவன் நான், எனக்கே பாடம் எடுக்கறியா" என்றார்.

எல்லாருக்கும் கேக் வந்தது. நர்ஸம்மாவுக்குத் தரவில்லை. நோயாளிக்குக் கேக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம் என்றாள் பணிப்பெண். சூப்பர்வைசர் தன் கேக்கை அவள் பக்கம் தள்ளினார். ஒருவேளை அதுதான் அவர் வாழ்நாளில் விட்டுக்கொடுத்த முதல் பொருள். அவள் தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே சாப்பிட்டார்.

ஜன்னல்களை மூடச் சொல்லி விளக்கை அணைத்தார்கள். வெளியே நல்ல வெயில். விளக்கு அணைந்தால் தூங்குவது அவர் உடம்புக்குப் பழக்கம், விழித்திருப்பது அவளுக்கு. அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். ஆயிரக்கணக்கானவர்கள் தூங்குவதை அவள் பார்த்திருக்கிறாள். இந்த மனிதர் எந்தப் பக்கம் ஒருக்களிப்பார் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. போர்வை நழுவியது. கை தானாகப் போய் அதைச் சரிசெய்தது. முன்வரிசையில் ஒரு கிழவருக்கும் நழுவியிருந்தது. எழுந்து போய் அதையும் சரிசெய்தாள். இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை அவளுக்கு.

சக்கரம் தரையைத் தொட்டதும் போனை எடுத்து பெரிய நர்ஸுக்கு அனுப்பினாள்: 'வர்றேன் மேடம். ராத்திரி மட்டும்.'

சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கம்பெனியில இன்னும் ரெண்டு வருஷம் இருங்கங்கறாங்க. யோசிச்சுச் சொல்றேன்னேன்."

"பகல் ஷிப்டா?"

"பகல்தான்."

"இருங்க" என்றாள்.

பெட்டிக்காகக் காத்திருக்கும்போது தம்பி வீடியோவில் வந்தார். அவர் பின்னால் அக்கா, பிஸ்கட் சாப்பிட்டபடி.

"ஆதர்ச தம்பதி! பிரயாணமெல்லாம் எப்படி அண்ணி?"

சூப்பர்வைசர் அவள் தோளில் கை போட்டுக்கொண்டார். "பேசிப் பேசி நேரம் போனதே தெரியலடா."

உல்லாசப் பயணத்தைக் குறையில்லாமல் முடித்துக்கொண்டு திரும்பினார்கள். இப்போது அவர் பகலில் போகிறார், அவள் ராத்திரியில் போகிறாள். பிளாஸ்க்கில் இருவருமே இன்னும் சர்க்கரை போடுவதில்லை.