தம்பிக்குப் பிடித்தது

செல்லங்களா, நம் உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லின் மேல்தோலிலும் சில காவலாட்கள் நிற்கிறார்கள். ஏற்பி என்று பெயர். புரதந்தான். தனக்கு உரியது வந்தால் எட்டிப் பிடிக்கும். மற்றதை ஏறெடுத்தும் பாராது.

ஓர் ஆய்வுக்கூடத்தில் ஓர் அக்கா அப்படியொரு மனித ஏற்பியைச் செய்துகொண்டிருந்தாள். அவள் தம்பி சாகுமுன் கொடுத்த ரத்தத்திலிருந்து மரபணுவை எடுத்து, வேறு செல்களுக்குள் புகுத்தி, வளர்த்துப் பிரித்தது. குப்பியில் ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று ஒட்டியிருந்தது; அவளோ அதைத் ‘தம்பி’ என்றே கூப்பிடுவாள். தம்பியைக் கொண்டுபோன நோய் இப்போது அவன் மகளுக்கும் வந்துவிட்டது. அந்த ஏற்பி பிடிக்கிற மருந்து ஒன்று கிடைத்தால் பிள்ளை பிழைப்பாள்.

ஏற்பியை ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லில் ஒட்டி, அதன்மேல் மருந்தை ஓடவிடுவார்கள். பிடித்தால் திரையில் கோடு ஏறும், விட்டால் இறங்கும். எத்தனையோ மருந்து ஓடியும் கோடு அசையவில்லை.

"என்னக்கா, உங்க தம்பிக்கு ஒருத்தியையும் பிடிக்கலையாமே?" என்றான் பக்கத்து மேசைக்காரன். ஓயாமல் காதருகே ரீங்கரிப்பதால் அவனுக்குக் கொசு என்று பெயர்.

"சும்மா இருடா கொசு. இன்னும் ஒரு வரன் பாக்கி இருக்கு."

மருந்துக்குமுன் வெறும் உப்புநீரை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அதில் பிடிக்க ஒன்றுமே இராது. தினமும் கொசு கலப்பான். அன்று அவள் கலந்திருந்தாள்.

கோடு ஏறியது.

"உப்புத்தண்ணியப் போய் பிடிக்குதே! கை பட்டுச்சாக்கா?"

"உறை போட்டிருக்கேன்டா."

கொசு புதிதாக நீர் கலந்து கழுவிப் பார்த்தான். கோடு இறங்கவில்லை. அவளுக்கோ இடக்கைச் சுண்டுவிரல் சில்லிட்டது. உறையைக் கழற்றினாள். சின்ன முஷ்டி ஒன்று இறுக்கிப் பிடித்ததுபோல் விரல் வெளுத்திருந்தது.

சின்ன வயதில் ஊசி போடப் போனால் தம்பி பிடிக்கிற விரல் அது. உடும்புப்பிடி.

"அமிலம் விட்டா கழண்டுரும்க்கா."

"புரதம் செத்துரும்டா. நம்மகிட்ட இருக்கிறதே இவ்வளவுதான்."

அவள் கருவியருகே குனிந்தாள். "விடுடா தம்பி. அக்கா எங்கயும் போகல. உன் பொண்ணுக்காக விடு."

கோடு மளமளவென்று இறங்கியது. வெளுத்த விரல் மறுபடி சிவந்தது.

கொசுவின் ரீங்காரம் நின்றது. "அக்கா... அது நெசமாவே உங்க தம்பியா? நான் விளையாட்டுக்குச் சொல்றீங்கன்னுல்ல நெனச்சேன்."

அவள் கடைசி மருந்தை ஓடவிட்டாள். கோடு ஏறியது, ஏறியது, உச்சியில் நின்றது.

"பிடிச்சிருச்சுக்கா!" என்று கொசு குதித்தான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைக்கும்போதே கைபேசி அடித்தது. தம்பி மகள்.

"அத்தை, வீட்ல யாருமே இல்ல. ஆனா என் சுண்டுவிரல யாரோ பிடிச்சிருக்காங்க."

"பயப்படாதடா தங்கம். வலிக்குதா?"

"வலிக்கல. ஜில்லுன்னு இருக்கு. விடச் சொல்லுங்க அத்தை."

அவள் திரையைப் பார்த்தாள். கழுவும் நீர் ஓடிக்கொண்டே இருந்தது. கோடு இறங்கவில்லை.