கறுப்புத் திரையில் எழுபத்தாறு

பகலவனுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை. வடக்கனந்தல் பக்கத்துக் கரும்புக் கொல்லையில் ஆளுக்கு இரண்டு சால், அதாவது இரண்டு வரிசை, என்று வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்கு முடியாமல்போனால் இன்னொருவன் அவன் சாலையும் வெட்டுவான். மறுநாள் அதைத் திருப்பி வெட்டித் தரவேண்டும்.

"போய்க் குந்துடா. என்னுது முடிச்சிட்டு உன் சாலையும் பாத்துக்கறேன்" என்றார் சித்தப்பா முனியன்.

போன வாரம் அவருக்கு மார்வலி. நாடி நூறைத் தாண்டினால் வேலையை நிறுத்திவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் பகலவன் காலையில் நாடி பார்க்கும் தன் ஸ்மார்ட் கடிகாரத்தை அவருக்குக் கட்டிவிட்டான். கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துக் கரும்பு வெட்ட வந்தவன் அவன். கடிகாரத்தின் திரை முகப்பை அவனே புரோகிராம் எழுதி அமைத்திருந்தான். முள் கிடையாது, படம் கிடையாது. பழைய கம்ப்யூட்டர் மாதிரி கறுப்புத் திரை, பச்சை எழுத்து. ஓர் அம்புக்குறி, பக்கத்தில் 'நாடி?' என்று ஒவ்வோர் எழுத்தாக விழும். கீழே எண் வரும். பிறகு ஒரு சின்னக் கட்டம் மினுக் மினுக்கென்று காத்திருக்கும்.

"கேள்வியும் அதே கேக்குது, பதிலும் அதே சொல்லுது. உங்க சின்னம்மா மாதிரியே கீதுடா" என்று முனியன் சிரித்தார்.

கடிகாரம் தோலில் படாமல் நாடி கிடைக்காதபோது 'தெரியவில்லை' என்று காட்ட முதலில் ஒரு வரி வைத்திருந்தான். அது திரையில் மடிந்து விழுந்து அழகைக் கெடுத்தது. எடுத்துவிட்டான். கடைசியாகக் கிடைத்த எண்ணே நிற்கட்டும் என்று விட்டான்.

கரும்பின் காய்ந்த சோகை இலை கையை அறுக்கும். பழைய காலுறையின் நுனியை நறுக்கி முழங்கை வரை மாட்டிக்கொண்டுதான் வெட்டுவார்கள். முனியன் கடிகாரத்தைக் கழற்றி, அந்த உறையின் மேலேயே மறுபடி கட்டிக்கொண்டார். பகலவன் அதைக் கவனிக்கவில்லை.

வெயில் ஏறியதும் முனியன் கத்தியோடு அப்படியே நின்றார். "மாரப் புடிக்குதுடா."

பகலவன் கடிகாரத்தை எட்டிப் பார்த்தான். பச்சையாக எழுபத்தாறு. "எழுவத்தாறுதான் சித்தப்பா. வாய்வா இருக்கும்."

"அப்டியா சொல்லுது?" என்று மறுபடி குனிந்தார். பகலவனின் இரண்டாவது சாலில் பாதி போனவர், வெட்டிப்போட்ட கரும்பின் மேலேயே குப்புற விழுந்தார்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே சின்னம்மா ஜெயம்மாள் கடிகாரத்தை மடியிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"இன்னும் எழுவத்தாறு காட்டிக்கினுதான இருக்குது. அப்ப நல்லாத்தான இருக்காரு?"

"அது பொய் சின்னம்மா. நான்தான் அப்டி வெச்சேன்."

அவள் புரியாமல் பார்த்தாள். "பொழச்சு வந்தாலும் இனிமே கத்தியத் தொடக் கூடாதாம்டா."

கடிகாரத்தில் கட்டம் மினுக்கிக்கொண்டிருந்தது. நாளைக்குக் கொல்லையில் முனியனுக்கென்று சால் பிரிக்கமாட்டார்கள். அவருக்குப் பகலவன் திருப்பி வெட்டித் தரவேண்டியது ஒன்றரைச் சால் கரும்பு.