இடது பொத்தான்

ஜெபிக்காமல் எந்த முடிவும் எடுக்காதவன் நான். இதைப் பலரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எங்கள் ஜெபக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபித்துவிட்டு இரண்டு மூன்று பேரிடம் யோசனை கேட்போம். யார் பேச்சைக் கேட்டு மனதில் சமாதானம் வருகிறதோ, அதுவே ஆண்டவரின் பதில் என்று எடுத்துக்கொள்வோம்.

நான் ஒரு சலவை நிலையத்தில் சூப்பர்வைசர். சட்டைகளுக்கு இஸ்திரி போடும் பெரிய பிரஸ் மெஷினில் வேலை செய்பவர் என் அண்ணி. அந்த மெஷினில் இரண்டு பச்சைப் பொத்தான்கள். இரு கைகளாலும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் சூடான மேல் தகடு இறங்கும். கை அடியில் மாட்டக்கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு.

இடது பொத்தான் மக்கர் செய்ய ஆரம்பித்தது; பலமாக அழுத்திப் பிடித்தால்தான் வேலை செய்தது. புதுப் பொத்தான் வரும்வரை மெஷினை நிறுத்தச் சொன்னார் மெக்கானிக். அண்ணியும் அதையே சொன்னார். நானோ ஒரு ஹோட்டலின் சீருடைகளை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருவதாக மேனேஜரிடம் மார்தட்டியிருந்தேன். இருவர் பேச்சிலும் எனக்குச் சமாதானம் வரவில்லை. எப்படி வரும்?

மூன்றாவதாக எங்கள் ஜெபக் கூட்டத்து இடிமுழக்கத்திடம் போனேன். அவர் ஜெபித்தால் பக்கத்துத் தெருவில் ஜன்னலைச் சாத்துவார்கள், அதனால் அந்தப் பெயர். வீட்டில் தன் சட்டையைக்கூடத் தேய்த்தறியாதவர். நான் விசுவாசமுள்ள மனிதன் என்றும், தடைகளைக் கண்டு நிற்கக்கூடாது என்றும் சொல்லித் தோளில் தட்டினார். மனம் லேசாகிவிட்டது. மறுநாள் காலை இடது பொத்தானை அழுத்தி, அப்படியே டேப் போட்டு ஒட்டினேன். இனி வலது பொத்தான் ஒன்றே போதும்.

"வேண்டாமே தம்பி" என்றார் அண்ணி.

"ஜெபம் பண்ணிட்டுத்தான் செய்றேன் அண்ணி."

ஆண்டவர் பெயரைச் சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை மதியம் அண்ணியின் இடது கை ஒரு காலரை நீவிக்கொண்டிருக்க, வலது கை பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்திவிட்டது. தகடு இறங்கியது.

ஆஸ்பத்திரிக்கு இடிமுழக்கமும் வந்தார். இது சாத்தானின் வேலை என்று கட்டிலருகே நின்று ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். வெட்கமில்லாமல் நானும் சொன்னேன். பிறகு என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். என் கையில் விபத்து அறிக்கை இருந்தது.

"ஊழியரோட கவனக்குறைவுன்னு எழுதுங்க பிரதர். ஆண்டவர் உங்க வேலையைக் காப்பாத்துவார்."

சொன்னால் நம்பமாட்டீர்கள், மனம் மறுபடியும் லேசானது. அதே சமாதானம். 'கவன' வரை எழுதியும் விட்டேன். அப்போதுதான் என்னைக் கண்டு எனக்கே அருவருப்பாக இருந்தது. நான் இத்தனை நாள் சமாதானம் என்று நினைத்தது, தப்பித்துவிட்டோம் என்கிற நிம்மதியைத்தான்.

அவர் போன பிறகு, காகிதத்தோடு உள்ளே போனேன். அண்ணியின் கை முழங்கைவரை கட்டுக்குள் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கட்டையே பார்த்துக்கொண்டு, என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"ஆண்டவர்கிட்ட கேட்டீங்களா?"

"அன்னைக்கே கேட்டேன் அண்ணி. மெக்கானிக் மூலமா சொன்னார். உங்க மூலமாவும் சொன்னார். எனக்குப் பிடிக்கல. அதான் இன்னொருத்தர்கிட்ட போனேன்."

அண்ணி வலது கையால் காகிதத்தைத் தொட்டுக் காட்டினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அப்ப அதையே எழுதுங்க தம்பி."

'கவன' என்பதை அடித்தேன். மெக்கானிக்கும் அண்ணியும் தடுத்ததை எழுதினேன். டேப் ஒட்டியது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மனதில் சமாதானம் துளிகூட வரவில்லை. வழியில் வேறு யாரிடமும் யோசனை கேட்காமல், நேராகக் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்தேன்.