மாலையில் மாறும் எண்

லிஃப்ட் பழுது பார்க்கிற அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டபோது, அந்த வீட்டுக்கு இருந்த ஒரே தெம்பு தம்பிதான். அவன் அந்த ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்தான். டாக்டராக அல்ல. கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஆனாலும் அண்ணி எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "நம்ம ஆளு உள்ள இருக்காரு" என்று சொல்லிக்கொள்வாள். உள்ளே இருக்கிறவனுக்குத்தானே தெரியும், உள்ளே நடக்கிற லட்சணம்.

அண்ணன் வாரத்தில் சில நாட்கள் மேல் மாடியில் டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்து கிடப்பான். இயந்திரம் ரத்தத்தை எடுத்துக் கழுவித் திருப்பிக் கொடுக்கும். "நானும் இப்போ லிஃப்ட் மாதிரிதான்டா. ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கிறேன். மெக்கானிக் வரணும்" என்பான். அவன் சொன்ன மெக்கானிக், வேறொருவரிடமிருந்து வர வேண்டிய ஒரு சிறுநீரகம்.

அது கிடைத்தால் ஒரு போன் வரும். நகரத்தின் மறுகோடியில், பல ஆஸ்பத்திரிகளுக்கும் பொதுவாக ஓர் அலுவலகம் இருந்தது. தினமும் இரவு இந்த ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸிலிருந்து நோயாளிகளின் பெயரையும் நம்பரையும் அது தானாக எடுத்துக்கொள்ளும். ஆளுக்கு ஒரு நம்பர், அதுவும் நோயாளியிடமோ அவர் வீட்டாரிடமோ இருக்கிற நம்பராக இருக்க வேண்டும். வாயால் சொல்கிற நம்பரைத் தொட மாட்டார்கள். யாரோ எப்போதோ பொய் சொல்லி ஏமாற்றியதில் சூடு பட்டவர்கள். முறை வரும்போது கூப்பிடுவார்கள். எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிடுவார்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவர்களையும் குறை சொல்ல முடியாது. உடம்பிலிருந்து எடுத்த உறுப்பு, பேசி முடிக்கும்வரை காத்திருக்காது.

அண்ணனின் போன் ஒருநாள் பஸ்ஸில் தொலைந்தது. அண்ணி அட்டைப்பெட்டி மடிக்கிற ஒரு பட்டறையில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டறை கொடுத்த போன் எப்போதும் அவள் கையில் இருந்தது. அந்த நம்பரையே ஆஸ்பத்திரிக் கவுன்டரில் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் தம்பி பார்த்தபோது டேட்டாபேஸில் பழைய நம்பரே நின்றது.

கவுன்டரில் இருந்த அக்காவிடம் போனான்.

"அக்கா, நேத்து எங்க அண்ணி வந்தாங்களே, நம்பரை மாத்தினீங்களா?"

"மாத்தாம? பக்கத்துலயே நின்னு, ஒவ்வொரு எண்ணா படிச்சுக் காட்டச் சொல்லிட்டுத்தான் போனாங்க."

"இப்போ பழசுதான் இருக்கு."

"அப்போ பேய்தான் மாத்தியிருக்கணும். பேய்க்கு பாஸ்வேர்டு குடுத்தது நீங்கதானே சார், நீங்களே கேளுங்க."

பேய் மேல் மாடியில் இருந்தது. அதைப் பேய் என்று சொல்வதே பாவம். டயாலிசிஸ் வார்டின் பெரிய சிஸ்டர் அப்படி ஒரு பொறுப்பான மனுஷி. நடந்தது இதுதான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கவுன்டரில் ஒரு மென்பொருள், வார்டில் வேறொரு மென்பொருள். இரண்டையும் செய்தவை வேறு வேறு கம்பெனிகள். ஆனால் இரண்டும் எழுதுகிற இடம் ஒன்றுதான், அந்த ஒரே டேட்டாபேஸ். வார்டு மென்பொருளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு நோயாளியின் எடையை மட்டும் மாற்றினாலும், எடையை மட்டும் எழுதாது. கரும்பலகையைத் துடைப்பதுபோல முழுவதையும் துடைத்துவிட்டு, தான் கடைசியாகப் பார்த்தபடியே பெயர், வயது, நம்பர் எல்லாவற்றையும் மறுபடி எழுதும். அதோடு அது ஆமை வேகம். ஒரு பக்கம் திறப்பதற்குள் நோயாளிக்கு ஊசியே போட்டுவிடலாம். அதனால் பெரிய சிஸ்டர் எல்லோருடைய பக்கங்களையும் வரிசையாகத் திறந்து, நாள்கணக்கில் மூடாமலே வைத்திருப்பார். நாள் முழுக்க அதில் குறித்துக்கொண்டே இருந்து, மாலையில் கிளம்புமுன் எல்லாவற்றையும் மொத்தமாகச் சேமிப்பார். நடுவில் கவுன்டரில் யார் எதை மாற்றியிருந்தாலும், மாலையில் அது பக்கத்தைத் திறந்த அன்று இருந்தபடி ஆகிவிடும்.

தம்பி இதை அவரிடம் பக்குவமாகச் சொன்னான்.

"அப்போ நான் எப்படித்தான் வேலை செய்யட்டும்?" என்றார் சிஸ்டர். "ஒவ்வொருத்தருக்கும் மூடித் திறந்து மூடித் திறந்து இருந்தா, இங்க ஒருத்தருக்கு ரத்த அழுத்தம் இறங்கினா யாரு பாக்கிறது? நீங்க வந்து பாப்பீங்களா?"

அவர் சொன்னதில் என்ன தப்பு?

பிறகு அவன் ஒரு பூட்டுப் போட்டுப் பார்த்தான். ஒரு மென்பொருள் ஒரு நோயாளியின் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும்வரை இன்னொன்று அதில் எழுத முடியாது என்று. அன்று காலை கவுன்டரில் வரிசை வாசலைத் தாண்டிப் போயிற்று. வார்டு எல்லாப் பக்கங்களையும் திறந்து வைத்திருந்ததால் டயாலிசிஸுக்கு வந்த ஒருவரையும் கவுன்டர் அக்காவால் பதிய முடியவில்லை. ஒரு பெரியவர் மேஜையைத் தட்டிக் கத்தினார். நிர்வாகி படியிறங்கி ஓடி வந்தார்.

"என்ன செஞ்சீங்களோ தெரியாது. எடுங்க முதல்ல."

எடுத்தான்.

இரண்டு கம்பெனிகளுக்கும் எழுதினான். சேமிக்குமுன் 'நீங்கள் திறந்த பிறகு வேறொருவர் இதை மாற்றியிருக்கிறார், பார்த்துவிட்டுச் சேமியுங்கள்' என்று ஒரே ஒரு வரி கேட்டால் போதும் என்று கெஞ்சினான். வார்டுக் கம்பெனிக்காரர், நோயாளியின் விவரம் தங்களுடையது, கவுன்டர்தான் தங்களைக் கேட்டு மாற்ற வேண்டும் என்றார். கவுன்டர் கம்பெனிக்காரர் அதையே திருப்பிச் சொன்னார். இருவரையும் ஒரே போனில் சேர்த்தபோது இருவரும் மிக மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். கடைசியில், அடுத்த பதிப்பில் யோசிக்கலாம் என்று ஒருமனதாக முடிவாயிற்று. அதுவரை டேட்டாபேஸில் அவன் கைவைத்தால் எதற்கும் தாங்கள் பொறுப்பில்லை என்றும் சொல்லிவைத்தார்கள்.

அதற்குப் பிறகு மாலை தோறும், சிஸ்டர் கிளம்பின பிறகு, தம்பி அண்ணனின் நம்பரைத் தன் கையால் சரி செய்தான். மற்ற நோயாளிகளுக்கும் இதே கதிதான் என்று அவனுக்குத் தெரியும். எல்லோருக்கும் செய்ய அவனிடம் சரியான நம்பர்கள் இருந்தால்தானே? ஒருநாள் ஜுரத்தில் படுத்தவன் மாலையில் கண் விழித்து, நம்பரைச் சரி செய்யாதது நினைவுக்கு வந்து போர்வையை உதறி எழுந்தான். மறுநாளே யாருக்கும் சொல்லாமல் ஒரு குட்டிக் கணினி நிரலை எழுதினான். அண்ணனின் விவரங்களில் மட்டும், தினமும் மாலையில், அண்ணியின் பட்டறை நம்பரைத் தானாக எழுதிவிடுகிற நிரல். நகரத்தின் மறுகோடி அலுவலகம் வந்து எடுப்பதற்கு முன்பே அது வேலையை முடித்துவிடும். பெரிய நிம்மதி. அன்றிலிருந்து அவன் மாலையில் பார்ப்பதை விட்டான்.

நாட்கள் போயின. அண்ணனுக்கு நடக்கவே ஆள் துணை தேவைப்பட்டது. அண்ணி பட்டறை வேலையை விட்டாள்; போனையும் திருப்பிக் கொடுத்தாள். புதிதாக ஒரு நம்பர் வாங்கிக் கவுன்டரில் முறையாகக் கொடுத்தாள். தம்பியிடமும் சொன்னாள். அவன் அதைத் தன் போனில் போட்டுக்கொண்டான். தினமும் மதியம் அந்தப் புது நம்பருக்குத்தான் கூப்பிட்டு, "அண்ணன் சாப்பிட்டானா?" என்று கேட்பான். அத்தனை முறை அந்த எண்ணை அழுத்திய விரலுக்கு, தான் எழுதிவைத்த நிரல் ஒருமுறைகூட ஞாபகம் வரவில்லை.

போன் ஒரு பிற்பகலில் வந்தது. பட்டறையில், மேஜை இழுப்பறைக்குள், கத்தரிக்கோல்களுக்கும் ஒட்டுநாடாவுக்கும் நடுவே அடித்தது. வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் யாருடையதோ என்று விட்டுவிட்டார்கள். மறுபடி அடித்தது. பிறகு அடிக்கவில்லை.

'தொடர்புகொள்ள முடியவில்லை, அடுத்தவருக்கு அளிக்கப்பட்டது' என்று வார்டுக்குத் தகவல் வந்தபோது அண்ணன் நாற்காலியில்தான் கிடந்தான். அண்ணி பெரிய சிஸ்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை தடவை சொன்னாரு எங்க தம்பி, மொத்தமா அமுக்காதீங்கன்னு! உங்க வேலை சுலபமா முடியணும், அதுக்கு இவரு உயிரா?"

சிஸ்டரின் முகம் வெளிறிப் போயிருந்தது. "இல்லம்மா. சார் வந்து சொன்னதுலேருந்து மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. போன மாசத்துலேருந்து ஒவ்வொண்ணா மூடித் திறந்துதான் செய்றேன். அதனாலதான் நான் வீட்டுக்கே நேரம் கழிச்சுப் போறேன். ஆனாலும் எங்கயாவது நான்தான் விட்டுட்டேனோ என்னமோ..."

"விட்டுட்டேனோ என்னமோவா?"

தம்பி அப்போதுதான் மேலே வந்தான். கீழே, யார் எப்போது எதை எழுதினார்கள் என்கிற பதிவைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். கவுன்டர் அக்கா புது நம்பரைச் சரியாக எழுதியிருந்தாள். வார்டு அதை மாற்றவே இல்லை. அதை அழித்து, ஒவ்வொரு மாலையும் பட்டறை நம்பரை எழுதிய கை ஒன்றே ஒன்று. இரண்டு பேர் எழுதிக் கெடுத்த பலகையில் மூன்றாவதாக எழுத வந்தவன் அவன்தான்.

"அண்ணி, அவங்களைத் திட்டாதீங்க. சிஸ்டர் மேல தப்பில்ல. நான்தான்."

"நீங்க என்ன பண்ணீங்க? சும்மா அவங்களுக்காகப் பேசாதீங்க."

சொன்னான். நிரல், பட்டறை நம்பர், மறந்துபோனது எல்லாவற்றையும் சொன்னான். இயந்திரம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

அண்ணிக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிஸ்டரின் கையைப் பிடித்தாள். "மன்னிச்சிருங்க. ஏதோ ஆத்திரத்துல..." என்றவள், அப்படியே வெளியே போய்விட்டாள்.

அண்ணன் கண்ணைத் திறந்து தம்பியைப் பார்த்தான்.

"யாருக்குப் போச்சாம்?"

"தெரியாது. சொல்ல மாட்டாங்க."

"யாருக்கோ வேலை செஞ்சா சரி." பிறகு, "டேய், நல்லதுக்குத்தானே செஞ்சே? மூஞ்சியை அப்படி வெச்சுக்காத. பாக்கிறவன் நான் போயிட்டேன்னு நெனச்சுக்கப் போறான்" என்றான். சிரிக்கவும் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. தம்பி அவன் காலடியில் போர்வையைச் சரி செய்கிற சாக்கில் குனிந்துகொண்டான்.

அடுத்தது எப்போது வரும் என்று கேட்டதற்கு டாக்டர் கையை விரித்தார். வரலாம். வராமலும் போகலாம்.

அன்றே நிரலை அழித்து, புது நம்பரை எழுதினான். நம்பர் சரியாக நின்றது. ஆனால் அது நிற்கும் என்று நம்ப அவனால் முடியவில்லை. அடுத்த வாரம் சிஸ்டர் விடுப்பில் போனால், வருகிறவர் மொத்தமாகச் சேமிப்பாரோ? கம்பெனிகளின் அடுத்த பதிப்பு எதையாவது புதிதாகக் கெடுக்குமோ? காவலுக்கு இன்னொரு நிரல் எழுத விரல்கள் விசைப்பலகைக்குப் போகும். அண்ணன் முகம் ஞாபகம் வரும், இழுத்துக்கொள்வான்.

கடைசியில் அவனுக்குத் தோன்றியது இதுதான். டேட்டாபேஸில் இருக்கிற நம்பரைத் திரையில் பார்த்து, தன் போனில் இருக்கிறதை நம்பாமல், ஒவ்வோர் எண்ணாக அழுத்திக் கூப்பிடுவது. அண்ணி எடுத்தால் சரி. ஆஸ்பத்திரி மேஜைப் போனிலிருந்துதான் கூப்பிடுவான். தினமும் செய்தான்.

"அலோ?" என்று அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டு எடுப்பாள்.

"நான்தான் அண்ணி. சும்மா பாத்தேன்."

"சரி தம்பி."

இப்படிச் சில நாட்கள் நடந்தன. ஒருநாள் அவள் உடனே வைக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலப் பேசினாள்.

"தம்பி, தப்பா நெனக்காதீங்க. இப்படித் தினமும் கூப்பிட வேணாம்."

"நம்பர் சரியா இருக்கான்னுதான் அண்ணி..."

"தெரியும். ஆனா ஆஸ்பத்திரி நம்பர்லேருந்து மணி அடிக்கிற ஒவ்வொரு தடவையும் அவரு எழுந்து உக்காந்து செருப்பைத் தேடுறாரு. நீங்கதான்னு சொன்னதும் மறுபடி படுக்கிறாரே, அதைப் பாக்க என்னால முடியல."

மறுநாள் அவன் திரையில் அந்த எண்ணை இரண்டு முறை படித்தான். மேஜைப் போனின் மேல் கையை வைத்தான். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மாறிவிடுமோ என்று அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.